பெர்மிட் சட்டம் யாரைத் தண்டிக்கிறது?

வேலைக்கு ஆள் எடுக்கிற முதலாளி, அந்த ஆளிடம் செல்லுபடியாகும் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாராமல் எடுத்தால் முதலாளிக்கே தண்டனை என்று சட்டம் சொல்லுகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்து சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் பட்டறை, சாப்பாட்டுக் கடை, கட்டட வேலை என்று ஜீவனம் நடத்தும் நமது குடும்பங்களிலும், இந்தச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் உண்டு. “அந்நியத் தொழிலாளி வந்து நம் சம்பளத்தைக் கெடுத்துவிட்டான், பிடித்து அனுப்பட்டும்” என்கிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள நாம் வரவில்லை. வயிற்றுப்பாடு அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் இதே சட்டம் ஒருமுறை நம் லயத்து வாசலுக்கும் வந்தது என்பதையும், அன்றைக்கு ‘அந்நியன்’ என்று பெயர் எழுதப்பட்டவன் நம் பாட்டன் என்பதையும் நினைவூட்டாமல் இருக்க நம்மால் முடியாது.

1968-ம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. பிரஜை அல்லாத எவரையும் பெர்மிட் இல்லாமல் வேலைக்கு வைக்கலாகாது என்பது அதன் சாரம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிய பேச்சு ஓங்கிய நேரத்தில், அது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. அதுவரையில், விடியற்காலைப் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டதும் குரல் கொடுத்தால் போதும். பட்டை காயமாகாமல் மரம் வெட்டத் தெரியுமா, பாலைச் சிந்தாமல் கொண்டுவந்து நிறுவைக்கு வைக்கத் தெரியுமா என்பதே தொழிலாளியின் தகுதியாக இருந்தது. இருபது வருஷம், முப்பது வருஷம் கையில் ஏறிய அந்தத் தகுதி திடீரென்று செல்லாக் காசாயிற்று. உன் ஐ.சி. நீலமா, சிவப்பா என்பதே கேள்வியாயிற்று.

சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவன் யார்? நேற்றுக் கள்ளத் தோணியில் வந்து இறங்கியவன் அல்லன். கங்காணி அழைத்துவர, கப்பல் ஏறி வந்து, காட்டை அழித்து, கன்று நட்டு, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, உயிர் தப்பித் திரும்பி வந்து மீண்டும் உளியை எடுத்தவனும் அவர்களில் இருந்தான். சுதந்திரம் வந்தபோது பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம் என்றார்கள். முதல் ஓராண்டுக்கு மலாய்மொழிச் சோதனையில் சலுகையும் தந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தோட்டத்தின் உள்ளே பத்து மைல் தள்ளிக் கிடந்த லயத்துக்கு அந்தச் சேதி எப்படி வந்து சேர்ந்தது? பாரம் நிரப்ப எழுத்துத் தெரிய வேண்டும். பட்டணத்துக்குப் போய்வர ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். பிறந்த இடத்துக்கும் தேதிக்கும் பத்திரம் வேண்டும். வீட்டிலே மருத்துவச்சி பார்த்த பிரசவத்துக்கு எந்தக் கிராணி பதிவு வைத்திருந்தான்? சிலர் என்றைக்காவது ஊருக்குத் திரும்புவோம் என்றும் எண்ணியிருந்தார்கள். அதில் பாவம் ஒன்றுமில்லை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், சிவப்பு ஐ.சி. என்பது துரோகத்தின் அடையாளம் அல்ல, எட்டாக்கையில் இருந்த ஆபீசின் அடையாளம்.

ஆனால் சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெர்மிட் கிடைக்காதவர்களும், கிடைத்தது அடுத்த தவணைக்குப் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் தவித்தவர்களும் மூட்டை கட்டினார்கள். அந்த நாட்களில் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்த நாட்டை விட்டுப் போனதாகச் சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று பெயர் கொண்டிருந்த கிள்ளான் துறைமுகத்திலும் பினாங்கிலும் ‘ரஜூலா’ கப்பலுக்குக் காத்திருந்த கூட்டம் அதுதான். கணவனுக்குச் சிவப்பு, மனைவிக்கு நீலம் என்று இருந்த வீடுகள் இரண்டாகப் பிளந்தன. இங்கே பிறந்து, தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள், தகப்பன் சொல்லிக் கேட்ட கிராமத்தைத் தேடிப் போனார்கள். அன்று தொழில் அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் நம்மவரேயான, கிள்ளான் தொகுதியின் பிரதிநிதி வி. மாணிக்கவாசகம் அவர்கள். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மவர் ஒருவர் மேசையில் இருப்பதனாலேயே சட்டத்தின் சக்கரம் நின்றுவிடாது என்பதை அறிந்துகொள்வதற்காகவே எழுதுகிறோம்.

போகாமல் தங்கிவிட்டவர்கள் கதை வேறு. பெர்மிட் இல்லாதவனைத் தோட்ட நிர்வாகம் செக்ரோலில் வைக்காது. ஆனால் மரம் வெட்டப்பட வேண்டும், புல் வெட்டப்பட வேண்டும். அங்கேதான் கண்டிராக்டர் வந்தான். செக்ரோலில் இல்லாதவன் கண்டிராக்டரிடம் குறைந்த கூலிக்கு அதே வேலையைச் செய்தான். நேற்றுவரை அவனுக்கிருந்த லீவு இல்லை, சேமநிதி இல்லை, சங்கம் இல்லை, கேட்பதற்கு வாய் இல்லை. அவன் குறைந்த கூலிக்கு வெட்டியதனால் நீல ஐ.சி. வைத்திருந்த பக்கத்து நிரைக்காரனுடைய கூலியும் அல்லவா நசுங்கியது! உள்ளூர்த் தொழிலாளியைக் காக்க வந்த சட்டம் அவனுடைய காலடியில் பள்ளம் வெட்டிய விதம் இதுவே.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உள்ளூர்க்காரனுக்கு வேலை வேண்டும் என்று 1969-லும் 1970-லும் அறுபதினாயிரம் பேர் போக விடப்பட்டார்கள். பதினைந்தே வருஷம். 1984-ல், தோட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று, நமது சர்க்கார் இந்தோனேசிய சர்க்காருடன் மேடான் நகரத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு அங்கிருந்து தொழிலாளரை வரவழைத்தது. கைதேர்ந்த பால்வெட்டுக்காரனை அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் தேடிய இந்தக் கணக்கை எந்தக் கிராணியும் சரி என்று கையெழுத்துப் போடமாட்டான். வந்தவர்கள் குற்றவாளிகள் அல்லர். அவர்களும் நம் பாட்டன் வந்தது போலவே பசிக்கு வந்தவர்கள். ஆனால் வந்தவனைப் பெர்மிட் என்ற ஒரே கயிற்றில் கட்டி வைப்பது அப்போதே வழக்கமாயிற்று. இந்தோனேசியருக்குப் பிறகு வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், மியன்மார்க்காரர், நமது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்று ஆள் மாறினார்களே ஒழியக் கயிறு மாறவில்லை.

இன்றைய சட்டத்தைப் பார்ப்போம். குடிநுழைவுச் சட்டத்தின் 55B ஷரத்துப்படி, பாஸ் இல்லாத அந்நியனை வேலைக்கு வைத்த முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது பன்னிரண்டு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறையும் ஆறு பிரம்படி வரையும் உண்டு. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நியத் தொழிலாளியை வைப்பதற்கு முன்பே தொழில் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதி பெற வேண்டும். மீறினால் 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. ஏட்டில் பார்த்தால் முதலாளியின் தலைக்குமேல் கத்தி தொங்குகிறது என்றுதான் தோன்றும்.

அதே குடிநுழைவுச் சட்டம், பாஸ் இல்லாத தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று வைத்திருக்கிறது. பிரம்படியை 2002-ல் சேர்த்தார்கள். ஆக, முதலாளிக்கும் ஆறு, தொழிலாளிக்கும் ஆறு. சமத்துவம் என்று சொல்லலாம் அல்லவா? 2002 முதல் 2008 வரை 34,923 அந்நியருக்குப் பிரம்படி கொடுக்கப்பட்டதாகச் சர்க்காரே நாடாளுமன்றத்தில் சொல்லியது. பிரம்பு எந்த முதுகைத் தேடிப் போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

சாலாக் செலாத்தானிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது புக்கிட் ஜாலில். நமது மூத்தவர்களுக்கு அது தோட்டத்தின் பெயர். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்குக் கட்டிய பெரிய மைதானம் இன்றைக்கு அங்கே நிற்கிறது. அதே பெயரைத் தாங்கிக்கொண்டு குடிநுழைவு இலாகாவின் தடுப்பு முகாம் ஒன்றும் இருக்கிறது. பாஸ் இல்லாமல் அகப்பட்டவர்களை வைக்கும் இடம். நம்மவர்கள் வெட்டிய தோட்டத்தின் பெயர் ஒரு சிறைக் கதவில் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது நமக்கு எழும் உணர்ச்சியை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

பாஸ் இல்லாதவன் எப்படிப் பாஸ் இல்லாதவன் ஆனான் என்று கேட்பவர் குறைவு. எல்லோரும் எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்து வந்தவர்கள் அல்லர். முறையாக விமானத்தில் வந்து இறங்கியவனுடைய பாஸ் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் மறந்தாலும், லெவியைக் கட்டாமல் விட்டாலும், கம்பெனியை மூடினாலும், பாஸ் காலாவதியாகிறது. ‘கள்ளக் குடியேறி’ என்று பெயர் எடுப்பவன் தொழிலாளி. சம்பளம் பாக்கி என்று கேட்டவனுக்கு, உன் பாஸை ரத்து செய்துவிடுவேன் என்பதே பதில். 2011-ல் 6P என்றும், 2016-ல் மறுவேலைத் திட்டம் என்றும், 2020-க்குப் பிறகு மறுசீரமைப்பு என்றும் சர்க்கார் அவ்வப்போது கதவைத் திறந்து, பத்திரமில்லாதவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றது. முதலாளி முன்நின்று விண்ணப்பித்தால்தான் வேலைக்கான அந்த வாசலில் நுழைய முடியும். எவன் பாஸைக் காலாவதியாக்கினானோ அவன் தயவையே மறுபடியும் நாட வேண்டும். நடுவிலே ஏஜெண்டுகள் வாங்கிக்கொண்டு ஓடிய பணத்துக்குக் கணக்கு யார் கொடுப்பது?

பாஸ்போர்ட்டைப் பறித்து முதலாளி தன் பெட்டியில் பூட்டி வைப்பதும் நாம் அறிந்ததே. இன்னொருவருடைய பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வ அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966-ம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பத்திரத்தைப் பார் என்று ஒரு சட்டம் சொல்ல, பத்திரத்தைத் தொடாதே என்று இன்னொரு சட்டம் சொல்லுகிறது. முதலாளிமார் முதலாவதைக் காட்டியே இரண்டாவதை மீறுகிறார்கள். “ஓடிப்போனால் எனக்கல்லவா தொல்லை” என்கிறார்கள். இந்தப் பழக்கத்தின் விலை பிறகு தெரிந்தது. 2020-ல் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, நமது நாட்டின் இரண்டு பெரிய செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெயைத் துறைமுகத்தில் நிறுத்தியது. அடையாளப் பத்திரத்தைப் பிடித்துவைத்தலும் அந்த அறிகுறிகளில் ஒன்று.

அமெரிக்காவைச் சொன்னோம். அங்கேயும் இதே சட்டம்தான், நம்மைவிடப் பெரிய அளவில். 1986-ல் இயற்றிய சட்டப்படி, ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு புதிய தொழிலாளியின் பத்திரத்தையும் பார்த்துப் பாரம் நிரப்பி வைக்க வேண்டும். அது போதாதென்று அரிசோனா மாநிலம் 2007-ல் தனிச் சட்டம் செய்தது: சர்க்காரின் மின்கணக்கில் பெயரைச் சரிபார்த்தே ஆக வேண்டும், தெரிந்தே மீறினால் வியாபார லைசென்சே போகலாம். வர்த்தகச் சங்கத்தார் வழக்குப் போட்டார்கள்; 2011-ல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023-ல் புளோரிடாவும், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளிகள் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் செய்தது.

சங்கத்தார் அறிந்திருக்க வேண்டியது இவற்றையெல்லாம்விட 2002-ல் அந்த நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு. கலிபோர்னியாவில் ஹாஃப்மன் பிளாஸ்டிக் என்ற கம்பெனி, தொழிற்சங்கம் அமைக்க முயன்றவர்களை 1989-ல் வேலையை விட்டு நீக்கியது. நீக்கியது சட்டவிரோதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீக்கப்பட்டவர்களில் ஒருவனிடம் சரியான பத்திரம் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதனால் அவனுக்கு இழந்த சம்பளம் கிடையாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. தோழர்களே, இதன் அர்த்தம் என்ன? வேலைக்கு எடுக்கும்போது பத்திரத்தை ஏனோதானோ என்று பார். சங்கம் என்று வாயெடுத்தால் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார் என்பதல்லவா! சரிபார்க்கும் அதிகாரம் முதலாளி கையில் இருக்கும்வரை அவர் அதை எப்போது உபயோகிப்பார் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே.

நமது நாட்டிலும் இதன் சாயல் உண்டு. தொழில் இலாகாவில் சம்பள வழக்குப் போட்ட அந்நியத் தொழிலாளி, வேலை போய்ப் பாஸும் போனபின், வழக்கு முடியும்வரை தங்கச் சிறப்புப் பாஸ் வாங்கலாம். மாதம் 100 வெள்ளி கட்ட வேண்டும். அந்தப் பாஸில் வேலை செய்யக்கூடாது. வேலை செய்யாமல் மாதம் நூறு வெள்ளி கட்டி, வாடகை கொடுத்து, சாப்பிட்டு, நீதி கேட்கக்கூடியவன் எவன்? வழக்கைப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறான். பாக்கிச் சம்பளம் முதலாளிக்கு லாபமாகிறது. இத்தனைக்கும் வேலைச் சட்டத்தில் ‘தொழிலாளி’ யார் என்று விளக்கும் இடத்தில் பிரஜாவுரிமை என்ற பேச்சே இல்லை.

இப்போது முதலில் சொன்ன நமது ஆட்களுக்கு வருவோம். அந்நியன் சம்பளத்தைக் கெடுக்கிறான் என்கிறார்கள். சம்பளத்தைக் கெடுப்பது அவனுடைய தேசம் அல்ல, அவனுடைய பயம். பயந்தவன் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தைக் கேட்க மாட்டான். கேட்காதவனையே முதலாளி தேடி எடுப்பார். அவனை இன்னும் பயமுறுத்தினால் அவன் இன்னும் மலிவாவான். அவனுடைய பாக்கிச் சம்பளத்தை முதலாளியிடமிருந்து காசு குறையாமல் வசூலித்துக் கொடுத்தால், மலிவு ஆளைத் தேடும் ஆசை முதலாளிக்குத் தானே தீரும். உள்ளூர்க்காரனை நீக்கிவிட்டு அந்நியனை வைக்கக்கூடாது என்று வேலைச் சட்டத்தின் 60M ஷரத்து முன்பே சொல்லியிருக்கிறது. நமக்கு வேண்டிய பாதுகாப்பு அது. அதை அமல் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். பாதி ராத்திரியில் தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றி வளைப்பதைக் கண்டு கைதட்டுவதால் நமது சம்பளத்தில் ஐந்து காசு ஏறாது.

இன்னொன்று. பத்திரம் என்றவுடன் அந்நியனையே நினைக்கிறோம். நம் வீட்டுக்குள் பார்த்தோமா? 1982 மார்ச் முதல் கல்யாணத்தைச் சர்க்காரில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியதோடு நின்ற எத்தனையோ கல்யாணங்கள் பதியப்படவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் தகப்பன் இல்லை. தாயின் நிலையே பிள்ளைக்கும். தகப்பன் நீல ஐ.சி.க்காரனாக இருந்தும், தாயிடம் பத்திரமில்லாததால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் பிள்ளைகள் நம்மில் இருக்கிறார்கள். 2011-ல் சர்க்கார் ‘மைடஃப்தார்’ என்று ஓர் இயக்கம் நடத்திப் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதியச் சொல்ல வேண்டி வந்ததே, இது கட்டுக்கதையல்ல என்பதற்கு அத்தாட்சி. பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்க முடியாத பிள்ளை, பதினெட்டு வயதில் வேலைக்குப் போகும்போது, மேலே சொன்ன சட்டம் அதன் முன்னாலும் வந்து நிற்கிறது. முதலாளி அபராதத்துக்குப் பயந்து, போ என்கிறார். கார் கழுவும் இடத்திலும் கண்டிராக்டரின் லாரியிலும் அந்தப் பிள்ளைக்குப் பாதிக் கூலி கிடைக்கிறது. தாத்தா பட்டதைப் பேரனும் படுகிறான்.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தத்தைப் பலர் மெச்சினார்கள். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் பிரஜாவுரிமை தரலாம் என்ற பகுதி மெச்சத் தகுந்ததே. அதே திருத்தத்தில் இன்னொரு வரி இருந்தது. இந்த மண்ணில் சிவப்பு ஐ.சி. பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்து வந்த பிரஜாவுரிமையை எடுத்துவிட அது வழிசெய்தது. 1969-ல் சிவப்பு ஐ.சி. என்ன செய்தது என்பதை அறிந்த குடும்பங்கள் இந்த வரியை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

பத்திரம் பார்ப்பதே கூடாது என்று நாம் வாதிடவில்லை. ஒரு நாட்டுக்குத் தன் எல்லைக்குள் யார் வேலை செய்கிறார்கள் என்று அறியும் உரிமை உண்டு. நாம் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லி. பத்திரத்தைக் கேட்பதற்கு முன் பத்திரம் பெறும் வழியைத் திறக்கட்டும். பாஸ் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைத் தொழிலாளி தானே கொடுக்கவும், கொடுமைக்கார முதலாளியை விட்டு வேறிடம் போகவும் சட்டம் இடம் கொடுக்கட்டும். பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு என்று சட்டத்திலேயே எழுதி, வழக்கு நடக்கும் காலத்தில் வேலை செய்யவும் அனுமதிக்கட்டும். பாஸைக் காலாவதியாக விட்ட முதலாளியின் குற்றத்துக்கு முதலாளியே பதில் சொல்லட்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிளைக் காரியதரிசிகள் தங்கள் வட்டாரத்தில், தோட்டத்தில் இருப்பவர்களோடு தோட்டத்தை விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதிகளில் இருப்பவர்களையும் சேர்த்து, வீடு வீடாகச் சென்று மூன்று காரியங்களை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை உண்டா, பதியாத கல்யாணம் உண்டா, இன்னும் சிவப்பு ஐ.சி.யோடு இருக்கும் பெரியவர் உண்டா. பழைய செக்ரோல் நகல், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைச் சீட்டு, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை எது கிடைத்தாலும் தூர எறியாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். பதிவிலாகாவுக்குத் தனியாகப் போகவிடாமல், கூடவே ஒருவர் போங்கள். ஒருமுறை மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் கொங்சியில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளி சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால், அதையும் வாசித்துச் சொல்லி அனுப்புங்கள்.